நெஞ்சுப் புண்ணை மூடித் தந்த வாட்டு: ஹட்டன் தையல்காரன் ஒருவனின் அனுபவம்

பைபாஸ் செய்த நெஞ்சில் சீழ் பிடித்து, எலும்பு வரைக்கும் திறந்து கிடந்து, கடைசியில் பிளாஸ்டிக் சர்ஜரி வாட்டில் சதையை நகர்த்தி மூடிக்கொண்டு வந்தவன் நான். வயது 57. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸாரில் தையல் கடை. நான் படுத்திருந்த நாட்களில் என் மகள் இரவிரவாகப் போனில் தேடினாள். இந்த ஒப்பரேசனைப் பற்றி அனுபவப்பட்ட ஒருவர் தமிழில் எழுதியது ஒன்றும் அவளுக்கு அகப்படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிகளின் பெயர் போடவில்லை. நல்லதையும் குறையையும் ஒளிக்காமல் சொல்ல அதுதான் தோது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பரேசனுக்கு முழு மார்க். அந்த வாட்டில் பார்த்த பார்வைக்கும் ஏறக்குறைய முழு மார்க். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் வீணாய்ப் போன ஐந்து நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

2024 பெப்ரவரியில் எனக்கு மூன்று அடைப்புக்குப் பைபாஸ் நடந்தது. நடு நெஞ்செலும்பை மேலிருந்து கீழ்வரை அறுக்கும் வாளால் பிளந்துதான் இதயத்துக்குப் போகிறார்கள். வேலை முடிந்ததும் பிளந்த இரண்டு பாதியையும் சேர்த்து ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். என் எக்ஸ்ரேயில் 7 கம்பி தெரிந்தது. நெஞ்சின் உள்பக்கம் இடப்புறமாக ஓடும் இரத்தக் குழாயைத் திருப்பி இதயத்தில் ஓர் இடத்தில் பொருத்தினார்கள். மற்ற இரண்டுக்கும் காலிலிருந்து எடுத்த குழாய். அந்த நெஞ்சுக் குழாய் நெடுநாள் அடைபடாமல் ஓடும் என்பதால் அதைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். ஆனால் நெஞ்செலும்பின் இடது பாதிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்ததும் அதே குழாய்தான். அதை எடுத்துவிட்டால் எலும்பு அரை வயிற்றோடுதான் ஆறவேண்டும். எனக்குப் பதினான்கு வருசமாகச் சீனி வருத்தமும் உண்டு. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

8ஆம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். வீடு கொட்டகலைப் பக்கம். பகலில் நல்ல வெயில், பொழுது சாய்ந்தால் எலும்பைக் குத்தும் குளிர். இருமல் பிடித்தது. 13ஆம் நாள் இரவு இருமியபோது நெஞ்சுக்குள் ‘டக்’ என்று ஏதோ நகர்ந்தது. மனைவி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அடுத்த இருமலில் அவள் கைக்கும் அது தெரிந்தது. கட்டிய எலும்பின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அது. இதை வாசிப்பவர்களில் யாராவது பைபாஸ் முடித்து வீட்டில் இருந்தால் இந்த ஒரு விசயத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ‘டக்’ வந்தால் விடியும்வரை காத்திருக்கலாம், அதற்குமேல் காத்திருக்கக்கூடாது.

நாங்கள் காத்திருந்தோம். 15ஆம் நாள் பனியனில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு மஞ்சள் ஈரம். பக்கத்தில் மருந்து கட்டும் ஓர் இடத்துக்குப் போனேன். “உள்ளே இருக்கிற நூல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தானாகச் சரியாகிவிடும்” என்று சொல்லி, மேலே துடைத்து, பிளாஸ்டர் ஒட்டி, மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. ஐந்து நாள் நடந்து நடந்து மருந்து கட்டினேன். ஒருவராவது புண்ணை அழுத்திப் பார்க்கவில்லை, இருமச் சொல்லிப் பார்க்கவில்லை, சீனி பார்க்கவில்லை. மேல் தையல் அழகாக இருந்தால் உள்ளே நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். லைனிங் இற்றுப்போன கோட்டும் வெளியே புதிதாகத்தான் தெரியும், அதை நான் தினமும் பார்க்கிறவன். என் நெஞ்சு விசயத்தில் எனக்கே அது தோன்றவில்லை.

20ஆம் நாள் இரவு காய்ச்சலும் நடுக்கமும். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. மகள் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தாள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2019க்குள் எல்லா மாகாணத்துக்கும் வந்த இலவசச் சேவை. எங்கள் ஒழுங்கைக்குள் அது வருமா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. வந்தது. போனில் தமிழிலேயே பேசி, வழி கேட்டு, வந்த பிள்ளை ஒக்சிஜன் மாட்டி, பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது. விடிந்ததும் அங்கிருந்து கீழே ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

சரி, இனி வாட்டுக்கு வருகிறேன்.

அங்கே என்னைப் பார்த்த முதல் டொக்டர் செய்த முதல் வேலை, “இருமுங்கள் ஐயா” என்றதுதான். இருமினேன். புண்ணின் கீழ் முனையிலிருந்து சீழ் பொங்கி வந்தது. அன்று சாயந்தரமே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். 7 கம்பியையும் எடுத்து, செத்துப்போன எலும்பைச் சுரண்டி, கழுவி, அப்படியே திறந்து வைத்தார்கள். சீழில் வளர்ந்தது ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற கிருமி. நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் அதே கிருமிதான், எலும்புக்குள் போனால் ஆளைக் கொல்லப் பார்க்கும். நெஞ்சு பிளந்து செய்யும் ஒப்பரேசன்களில் 100 பேரில் 1 முதல் 5 பேர் வரைக்கும் இப்படி ஆழமாகப் புண் பிடிக்குமாம். சீனி உள்ளவர்கள், பருமனானவர்கள், சிகரெட் குடிப்பவர்களுக்குக் கூடுதல். என் மூன்று மாதச் சீனிக் கணக்கு அன்று 10.2. அன்றிலிருந்து இன்சுலின்.

திறந்த நெஞ்சோடு 12 நாள். அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். புண்ணுக்குள் கறுப்பு ஸ்பொஞ்ச் வைத்து, மேலே கண்ணாடி போன்ற ஒட்டுத்தாள் ஒட்டி, ஒரு குழாயால் மெசினோடு இணைத்துவிடுகிறார்கள். மெசின் எந்நேரமும் உறிஞ்சும். அளவு 125 என்று சின்னத் திரையில் தெரியும். அழுக்கு நீர் ஒரு டப்பாவில் போய்ச் சேரும். உறிஞ்சும் இழுப்பில் ஸ்பொஞ்ச் இறுகி, பிளந்து கிடக்கும் நெஞ்சு ஆடாமல் நிற்கும். அதனால்தான் என்னால் எழுந்து உட்காரவும், மூச்சை இழுத்து விடவும் முடிந்தது. 1990களின் கடைசியில்தான் இந்த முறை நெஞ்சுப் புண்ணுக்கு வந்ததாம்.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்பொஞ்ச் மாற்றுவார்கள். முதல் இரண்டு தடவையும் மயக்கத்தில். மூன்றாவது தடவை வலி ஊசி போட்டு, அரை விழிப்பில். தலையணையைச் சாய்த்திருந்ததால் அந்த டொக்டர் கத்தரிக்கோல் பிடித்த விதத்தைப் பார்த்தேன். ஸ்பொஞ்சை என் நெஞ்சுக்கு மேல் வைத்து வெட்டவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, தட்டின் மேல் வைத்து வெட்டி, ஓரத்தை விரலால் தடவித் தூளை உதிர்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். தூள் புண்ணுக்குள் விழக்கூடாதாம். ஸ்பொஞ்சுக்கு அடியில், இதயத்தின் பக்கம், ஒட்டாத மெல்லிய வலைத்துணி ஒன்றையும் விரித்தார்; ஸ்பொஞ்ச் நேராக இதயத்தில் பட்டு இழுத்தால் இதயச் சுவரே கிழியக்கூடும் என்று பிறகு சொன்னார். முடிந்ததும் எத்தனை துண்டு உள்ளே வைத்தோம் என்று எண்ணி, ஒட்டுத்தாளின் மேலேயே பேனாவால் எழுதினார். அடுத்த முறை எடுக்கும்போது அந்த எண்ணிக்கை சரியாக வரவேண்டும். நான் கடையில் பொடியன்களுக்கு இதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன்: வெட்டின துண்டை எண்ணு, எண்ணி எழுது. அந்த நிமிசத்தில் என் பயம் பாதி இறங்கியது.

பிளாஸ்டிக் சர்ஜன் வந்தது, நெஞ்சைத் திறந்து வைத்த 9ஆம் நாள். சிங்களத்தில்தான் பேசினார். பஸாரில் முப்பது வருசம் கடை வைத்தவனுக்குச் சிங்களம் பிரச்சினை இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி என்ன வேலை செய்கிறீர்கள் என்பது. தையல் என்றேன். எந்தக் கையால் வெட்டுவீர்கள் என்று கேட்டார். வலது என்றேன். பிறகு கட்டில் தலைமாட்டில் இருந்த துண்டுக் காகிதத்தில் ஒரு நெஞ்சு வரைந்தார்.

அவர் வரைந்து சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். இந்தக் குழியை வெறும் தோலை இழுத்துத் தைத்து மூட முடியாது. உள்ளே வெற்றிடம் இருந்தால் திரும்பவும் நீர் கட்டும், சீழ் பிடிக்கும். இரத்த ஓட்டமுள்ள உயிர்ச் சதையால் அடைக்க வேண்டும். இரத்தம் வந்தால்தான் கிருமியோடு சண்டை போடும் ஆட்களும் வரும், ஊசியில் ஏற்றும் மருந்தும் வந்து சேரும். அதற்கு இரண்டு பக்கத்துப் பெரிய நெஞ்சுச் சதையையும் விலா எலும்பிலிருந்து பிரித்து நடுவுக்கு நகர்த்துவார்கள். அந்தச் சதைக்கு இரண்டு வழியால் இரத்தம் வருகிறது. ஒன்று நடு நெஞ்சுப் பக்கத்திலிருந்து. இடதில் அந்த வழிதான் பைபாஸுக்குப் போய்விட்டது. மற்றது கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்புக்குக் கீழிருந்து. அந்த இரண்டாவது வழியை அறுக்காமல் காப்பாற்றிக்கொண்டு நகர்த்தினால் சதை சாகாது.

நான் அதுவரை ‘ஒட்டுப் போடுகிறார்கள்’ என்றுதான் நினைத்திருந்தேன். எங்கோ ஒரு துண்டை வெட்டி இங்கே தைப்பது. அது அப்படியில்லை. வளரும் பிள்ளையின் சட்டைக்கு உள்மடிப்பில் கொஞ்சம் துணி விட்டுத் தைப்போமே, அடுத்த வருசம் பிரித்து இறக்கிவிட. அதே வேலை. துணி தன் இடத்திலிருந்து அறுபடவில்லை, மடிப்புத்தான் விடுபடுகிறது. இதை நான் சிங்களத்தில் சொன்னபோது அவர் பேனாவை மூடிவிட்டு, “டெய்லர் மாத்தயாவுக்கு எல்லாரையும்விடச் சீக்கிரம் புரிந்துவிட்டது” என்றார்.

நெஞ்சுச் சதை புண்ணின் கீழ்ப் பகுதி வரைக்கும் எட்டாது. வயிற்றின் முன்பக்கச் சதையைத் திருப்பிப் போடலாம், ஆனால் இடது பக்கத்தில் அதற்கும் சோறு போட்ட குழாய் போய்விட்டது. ஆகவே எனக்குக் குடலுக்கு முன்னால் திரை போலத் தொங்கும் கொழுப்பை மேலே கொண்டுவந்து கீழ்க் குழியை அடைத்தார்கள். மகள் வாசித்துச் சொன்னது இது: அமெரிக்காவில் 1976இல் லீ என்பவரும் கூட்டாளிகளும் அந்தக் கொழுப்புத் திரையை நெஞ்சுப் புண்ணுக்குப் பயன்படுத்தியதை எழுதினார்கள். 1980இல் அட்லாண்டாவில் ஜுர்கீவிச் என்ற சர்ஜனின் குழு சதையை நகர்த்தி மூடும் வழியை எழுதியது. அதற்கு முன்பெல்லாம் திறந்து வைத்து மருந்து கட்டுவதும், குழாய் விட்டுக் கழுவுவதும்தான். இந்தப் புண் வந்தவர்களில் பாதிப் பேர் வரைக்கும் செத்த காலமும் இருந்திருக்கிறது. 1980 என்றால் நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். அப்போது யாரோ மினக்கெட்டு யோசித்ததுதான் 44 வருசம் கழித்து என் நெஞ்சில் வந்து நின்றது.

ஒப்பரேசன் நாலு மணி நேரத்துக்கு மேல். விழித்தபோது இரண்டு பக்கமும் 4 டிரெயின் போத்தல் தொங்கின. பிரித்த இடத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்க அவை. கடைசிப் போத்தலை 12ஆம் நாள்தான் கழற்றினார்கள், அவசரப்படவில்லை. ஊசி மருந்து மொத்தம் ஆறு வாரம். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் ஒப்பரேசனுக்கு ஒரு சதமும் கட்டவில்லை. சில நாள் ஒரு மருந்து மட்டும் ஸ்டொக் இல்லாமல் வெளியே வாங்க வேண்டியிருந்தது. அது சுமைதான், மகள் ஒரு காப்பை அடகு வைத்தாள்.

வாட்டில் எனக்கிருந்த குறை இரண்டு. ஒன்று, எழுதிக் கொடுத்த அறிவுரைத் தாள் சிங்களத்திலும் இங்கிலீசிலும்தான் இருந்தது. எனக்குப் பேச்சுச் சிங்களம் வரும், வாசிக்க வராது. பக்கத்துக் கட்டிலில் லிந்துலைப் பக்கத்து முதியவர் ஒருவர், காலில் புண். அவருக்குப் பேச்சும் வராது. மிஸ்மார், அதாவது நர்ஸ்மார், சொல்வதையெல்லாம் நான்தான் திருப்பிச் சொன்னேன். நான் போன பிறகு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. இரண்டு, குளிர். மலையிலிருந்து போனவனுக்கே குளிர் என்றால் பாருங்கள், சன்னல் ஒன்று மூடவே மூடாது.

மற்றபடி குறை சொல்ல என் வாய் வராது. இரவு வேலை மிஸ் ஒருவர் ஒவ்வொரு தடவையும் புண் ஓரத்தை விரலால் அழுத்தி, வெளுத்த நிறம் எத்தனை விநாடியில் சிவக்கிறது என்று பார்ப்பார். இரவு 2 மணிக்கும் பார்ப்பார். நான் தூங்குவதுபோல் கிடப்பேன்.

வீட்டுக்கு வந்தபின் வாழ்க்கை எப்படி என்று கேட்பீர்கள். நடு எலும்பில் ஒரு பகுதி இப்போது இல்லை. அதற்குப் பதில் சதையும் தழும்பும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. எட்டு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கவில்லை, கட்டிலில் கையை ஊன்றி எழவில்லை, இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் எடுக்கவில்லை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்வேன். நெஞ்சுத் தோல் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. கத்தரிக்கோலை அழுத்தினால் நடு நெஞ்சு துடிக்கிறது. நகர்த்திய சதைக்கு நரம்பு அப்படியே இருப்பதால் அது இன்னும் கையோடுதான் பேசுகிறதாம். முதலில் மனைவி பயந்துபோனாள். இப்போது பழகிவிட்டது. வலது சதையின் கைப்பக்கப் பிடியை டொக்டர் வெட்டாமல் விட்டதால் வெட்டு வேலை செய்ய முடிகிறது. நாலாம் மாதம் மெசினில் உட்கார்ந்தேன். பெரிய அயன் பெட்டியை மட்டும் தள்ள முடியவில்லை, பொடியன்தான் தள்ளுகிறான்.

கிளினிக் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலும் நேராக நெஞ்சில் வந்து விழும். முதல் தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ரயில்தான். நேரம் கூடினாலும் பரவாயில்லை, நாவலப்பிட்டி வரைக்கும் தாலாட்டுப்போல் வரும்.

அப்புறம் நெஞ்சுப் பட்டி. பார்மசியில் வாங்கிய பட்டி எனக்கு ஒத்துவரவில்லை. ஒட்டும் பட்டை கழுத்தைப் பிறாண்டியது, உள்ளே வியர்த்தது, கீழ் ஓரம் சுருண்டு சரியாகத் தழும்பின் மேலேயே வந்து நின்றது. நானே ஒன்று வெட்டினேன். துவைத்துச் சுருக்கம் எடுத்த பருத்தித் துணி இரண்டு மடிப்பு, கை நுழைக்கத் தேவையில்லாத முன்திறப்பு, நடுவில் தையலே வராமல் இரண்டு பக்கமும் நாடா. கிளினிக்கில் காட்டினேன். சர்ஜன் புரட்டிப் பார்த்து, விரலை உள்ளே விட்டு, “இவ்வளவு இடம் எப்போதும் இருக்க வேண்டும், இறுக்கினால் சதைக்கு இரத்தம் போகாது” என்று மட்டும் சொன்னார்.

அன்று வெளியே பெஞ்சில் பொகவந்தலாவைப் பக்கத்து அம்மா ஒருவர். கொழுந்து பறித்தவர், வால்வு ஒப்பரேசனுக்குப் பிறகு என்னைப் போலவே புண். பெண்களுக்கு மார்பின் கனம் இரண்டு பக்கமும் தழும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க அவரிடம் ஒரு பழைய சேலைத்துண்டுதான் இருந்தது. மிஸ்ஸிடம் கேட்டு, என் கழுத்தில் கிடந்த டேப்பால் மிஸ்ஸையே அளவெடுக்கச் சொன்னேன். கீழே தாங்கல் வைத்து, தோளுக்கு அகலப் பட்டி வைத்து, இரண்டு நாளில் தைத்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

போன வாரம் அவர் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். ஒன்றைத் துவைத்துப் போட்டால் மழை நாளில் காய்வதில்லை, மாற்றுக்கு இன்னொன்று வேண்டும் என்றார். அம்மா சொல்லி அனுப்பிய திருத்தமும் இருந்தது: நாடாவை மற்றப் பக்கம் வைக்க வேண்டும், அவர் இடதுகைக்காரி. துணி வெட்டி வைத்துவிட்டேன், நாளை தைக்கிறேன்.